பேயிடம் ஒரு கேள்வி

‘தி எக்ஸார்ஸிஸ்ட்’ படத்தைப் பார்த்த எல்லோருக்கும் அந்தப் பச்சை வாந்தி ஞாபகமிருக்கிறது. பார்க்காதவர்களுக்கும் அதைப்பற்றித் தெரியும். 1973 டிசம்பர் 26இல் அமெரிக்காவில் வெளியான படம். அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இதற்குள் அந்த வாந்தியை எத்தனையோ பேர் நகல் எடுத்து, கேலி செய்து, அலுக்க வைத்துவிட்டார்கள். அது எதற்குப் பதிலாக வந்தது என்று கேட்டால் மட்டும் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரிவதில்லை. கட்டிலில் கட்டப்பட்டிருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ரீகன், அல்லது அவளுக்குள் புகுந்திருப்பது, தன்னைப் பரிசோதிக்க வந்த பாதிரியிடம் உன் தாய் இங்கே எங்களோடுதான் இருக்கிறாள், அவளுக்கு ஏதாவது சேதி உண்டா என்று கேட்கிறது. பாதிரி டேமியன் கேரஸ் திருப்பிக் கேட்கிறான்: அப்படியானால் கல்யாணத்திற்கு முன் என் தாய்க்கிருந்த குடும்பப் பெயர் உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே, அது என்ன? இதற்கு வந்த பதில்தான் அந்த வாந்தி.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். இந்தக் கேள்வி எனக்குத் தொழில் ரீதியாகப் பரிச்சயமானது. போனில் பேசுகிறவர் கணக்குக்காரர்தானா என்று சரிபார்க்கத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்பது பல தேசத்து வங்கிகளில் நெடுநாளைய வழக்கம். திருடனுக்குக் கையெழுத்து கிடைக்கலாம், விலாசம் கிடைக்கலாம், இது கிடைக்காது என்பது நம்பிக்கை. கேரஸ் ஒரு மனநோய் மருத்துவனும்கூட. சேசு சபை தன் செலவில் அவனை மருத்துவம் படிக்க வைத்திருக்கிறது. ஆகவே அவன் கேட்பது பக்தனின் கேள்வி அல்ல, பரிசோதகனின் கேள்வி. பேய் அதில் தோற்றுவிடுகிறது. அதற்கு அவன் தாயைப்பற்றித் தெரியாது என்பது படத்தின் நடுவிலேயே, கேரஸுக்கும் நமக்கும், நிரூபணமாகிவிடுகிறது.

அப்புறமும் அதே பேய் அதே தாயின் குரலில் பேசித்தான் அவனைத் தகர்க்கிறது. பொய் என்று தானே சோதித்துத் தெரிந்துகொண்ட ஒரு குரலின் முன் ஒரு மனிதன் எப்படி நொறுங்குகிறான்? ‘எக்ஸார்ஸிஸ்ட்’ படத்தில் எனக்கு அக்கறையுள்ள விஷயம் இது ஒன்றுதான். சுற்றும் தலை, மிதக்கும் உடல், ஆடும் கட்டில் இவை எல்லாம் டிக் ஸ்மித்தின் ஒப்பனைத் திறமைக்கும் ஸ்டூடியோத் தொழிலாளர்களின் சாமர்த்தியத்திற்கும் சாட்சி. படத்தை ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன். இவற்றுக்கு முதல் தடவை பயந்ததோடு சரி.

கேரஸின் தாய் படத்தில் வருவது மிகக் கொஞ்ச நேரம். நியூயார்க்கின் ஒரு ஏழைத் தெருவில் மாடியில் தனியாக இருக்கிறாள். கிரேக்க நாட்டிலிருந்து வந்து குடியேறியவள். ரேடியோவில் கிரேக்கப் பாட்டு. மகன் வருகிறான், காலில் கட்டுப்போடுகிறான், வேறு ஏதாவது இடத்தில் சேர்த்துவிடுகிறேன், அங்கே துணைக்கு ஆள் இருக்கும் என்கிறான். அவள் இது என் வீடு, நான் எங்கும் போவதாக இல்லை என்கிறாள். சண்டை இல்லை. மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு உனக்கு ஏதோ கவலை என்று மட்டும் அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். வஸிலிகி மலியாரோஸ் என்ற அந்தக் கிழவி தொழில்முறை நடிகை அல்ல. நடித்த படம் இது ஒன்றே. படம் வெளிவருமுன் காலமாகிவிட்டார். அவர் முகத்தில் நடிப்பு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாததனால்தான் அந்த அறை அறையாக இருக்கிறது. டைரக்டர் வில்லியம் ஃப்ரீட்கின் டாகுமெண்டரிகளில் தொடங்கியவர். 1962இல் மரண தண்டனைக் கைதி ஒருவனைப்பற்றி எடுத்த படம் அவருடைய ஆரம்பங்களில் ஒன்று. அந்தப் பழைய கண் இந்தக் காட்சியில் விழித்துக்கொள்கிறது. கட்டுப்போடும் கையையும் கால் வீக்கத்தையும் மேஜை மீதுள்ள சாமான்களையும் அது பார்க்கிறது. பேய்ப்படம் எடுக்கிறோம் என்ற பிரக்ஞை அப்போது காமிராவுக்கு இல்லை.

அடுத்து அவளை நாம் பார்ப்பது பொது ஆஸ்பத்திரியின் மனநோய் வார்டில். உறவுப் பெரியவர் ஒருவர் கேரஸை அழைத்துப் போகிறார். இங்கேயா கொண்டுவந்து சேர்ப்பது, வேறு இடமே இல்லையா என்று அவன் கேட்க, தனியார் ஆஸ்பத்திரிக்குப் பணம் யாரிடம் இருக்கிறது, உன்னிடமா என்று அவர் கேட்கிறார். நீ மட்டும் பாதிரியாகப் போகாதிருந்தால் இன்று பெரிய டாக்டர், உன் தாய் மாளிகையில் இருந்திருப்பாள் என்கிறார். அவர் சொல்வதில் குரோதம் இல்லை. கணக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். வார்டில் புத்தி கலங்கிய பெண்கள் பாதிரி உடுப்பைப் பார்த்ததும் கேரஸைச் சூழ்ந்துகொள்கிறார்கள். தாயைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். டிம்மி, ஏன் எனக்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பின்னால் ரீகனும் இப்படித்தான் கட்டிலில் கட்டப்படுகிறாள். கட்டுகளை அவிழ்த்துவிடு என்று கேரஸிடம் கேட்கிறது அவளுக்குள் இருப்பது. இந்த ஒப்புமையை ஃப்ரீட்கின் அழுத்திச் சொல்வதில்லை. கேரஸ் மட்டும் இரண்டு கட்டில்களையும் பார்த்தவன்.

தாயின் மரணத்தைப் படம் காட்டுவதில்லை. நமக்கு அந்தச் செய்தி வந்து சேரும் விதம்தான் அபாரம். நடிகை க்ரிஸ் மக்நீல் வீட்டில் ஒரு விருந்து. ரீகனின் தாய் அவள். பியானோ, சிரிப்பு, மது. டயர் என்ற பாதிரியிடம், தான் பார்த்த ஒரு சோகமான முகத்துக்காரப் பாதிரியைப்பற்றி க்ரிஸ் விசாரிக்கிறாள். அவன்தான் கேரஸ், பாவம், அவன் தாய் இறந்துவிட்டாள், தனியாக இருந்தவள், ஆட்கள் பார்க்கும்போது செத்து இரண்டு நாள் ஆகியிருக்கும் போல என்கிறார் டயர். விருந்துப் பேச்சில் ஒரு துணுக்கு, அடுத்த நிமிஷம் வேறு பேச்சு. அதே விருந்தில்தான் ரீகன் இரவு உடையோடு இறங்கிவந்து, விண்வெளிக்குப் போகவிருக்கும் ஒருவரிடம் நீ மேலே போய்ச் சாகப்போகிறாய் என்று சொல்லிவிட்டு விரிப்பின் மேல் சிறுநீர் கழிக்கிறாள். ஜனங்கள் இரண்டாவதைப் பார்த்து அதிர்ந்து முதலாவதை மறந்துவிடுகிறார்கள்.

கதையை எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. 1971இல் நாவல், திரைக்கதையும் அவருடையதே, அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. 1949இல் மேரிலாண்டில் ஒரு பையனுக்குப் பேயோட்டியதாக வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து கதை பிறந்தது என்பதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். செய்தி வந்தபோது அவர் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர். அந்தப் பையனைவிட முக்கியம் என்று நான் கருதுவது பிளாட்டியின் தாயை. லெபனானிலிருந்து வந்தவர். கணவர் விட்டுப் போனபின் நியூயார்க் தெருக்களில் பழப்பாகு விற்று மகனை வளர்த்தவர். படம் வெளியான அதே 1973இல் பிளாட்டி தாயைப்பற்றித் தனியாக ஒரு நினைவு நூலும் எழுதி வெளியிட்டார். பேயைப்பற்றி எழுதிக்கொண்டிருந்தவரின் மேஜையில் மற்றொரு தாளும் இருந்திருக்கிறது. கேரஸின் தாயாக நடித்தவரைப் போலவே கேரஸாக நடித்த ஜேசன் மில்லரும் சினிமாவுக்குப் புதியவர். நாடகாசிரியர், அந்த வருஷம்தான் அவருடைய நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. களைத்த கண்களோடு அவர் சும்மா நடந்து போகும்போதே ஒரு மனிதனின் பின்கதை தெரிகிறது.

க்ரிஸ் வீட்டு விவகாரம் இதற்கு நேர் எதிர் முனையில் இருக்கிறது. அவளிடம் பணம் இருக்கிறது. வேலைக்காரத் தம்பதி, செக்ரட்டரி, வாடகைக்கு எடுத்த பெரிய வீடு. மகளுக்கு ஏதோ ஆனதும் டாக்டர்களின் படையே வருகிறது. முதலில் மாத்திரை, பிறகு எக்ஸ்ரே, பிறகு கழுத்தில் ஊசி குத்தி ரத்தக் குழாயைப் படமெடுக்கும் பரிசோதனை. குத்திய இடத்தில் ரத்தம் பீச்சுகிறது, இயந்திரம் தடதடவென்று தலையைச் சுற்றி அடிக்கிறது, ரீகன் ஒரு குழந்தையாக, வெறும் குழந்தையாக, வலியில் முகம் சுளிக்கிறாள். தியேட்டரில் மயங்கி விழுந்தவர்களைப்பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். பேய் வரும் காட்சிகளைவிட இந்த ஆஸ்பத்திரிக் காட்சியைத்தான் தாங்க முடியவில்லை என்று சொன்னவர்கள் நிறைய. அதில் வியப்பில்லை. ஓவன் ராய்ஸ்மன் இதையும் டாகுமெண்டரியைப் போலப் படமாக்கியிருக்கிறார். கடைசியில் நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு டாக்டர்கள் கைவிரிக்கிறார்கள். பாதிரியை வைத்துச் சடங்கு செய்து பார்க்கலாம், நம்பிக்கையால் வந்த நோய் நம்பிக்கையால் போகலாம் என்று ஒரு டாக்டர் கூச்சத்தோடு சொல்கிறார். எல்லாவற்றையும் வாங்க முடிந்த பெண் கடைசியில், தன் தாய்க்கு ஒரு நல்ல படுக்கையை வாங்கித்தர முடியாதவனிடம் வந்து நிற்கிறாள்.

வேலைக்குப் போகும், கணவனைப் பிரிந்த பெண்ணைத் தண்டிக்கும் படம் இது என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு உடன்பாடில்லை. மகளின் பிறந்தநாளுக்கு ரோமிலிருக்கும் தகப்பன் போன் செய்யவில்லை. க்ரிஸ் ஆபரேட்டரோடு கத்துகிறாள், வசை பொழிகிறாள், நடுவே ரீகன் அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எலன் பர்ஸ்டின் இந்தக் காட்சியில் கோபத்தையும் அவமானத்தையும் ஒரே குரலில் கொண்டுவருகிறார். விருந்து முடிந்த இரவு மகளைக் குளிப்பாட்டுகிறார், மகள் எனக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறாள். இந்தப் பெண்ணைப் படம் தண்டிக்கவில்லை. ஓடி ஓடிக் களைப்பதைக் கூடவே இருந்து பார்க்கிறது.

கேரஸிடம் மூன்று பேர் உதவி கேட்கிறார்கள். சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு குடிகாரப் பிச்சைக்காரன், தானும் கத்தோலிக்கன், சின்ன வயதில் பூசைக்கு உதவிசெய்தவன் என்று சொல்லிக் கையேந்துகிறான். வரும் ரயிலின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுகிறது, கேரஸ் பார்வையைத் திருப்பிக்கொள்கிறான். இரண்டாவது, தாய். மூன்றாவது, ரீகன்: அவள் வயிற்றுத் தோலில், அவளுடைய கையெழுத்தில், உதவி கேட்கும் இரண்டு சொற்கள் புடைத்தெழுகின்றன. பேய் கேரஸிடம் முதலில் எடுத்து வீசுவது அந்தப் பிச்சைக்காரனின் வாசகத்தைத்தான். அது கேரஸுக்கு மட்டுமே தெரிந்த சமாச்சாரம். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியாத பேய்க்கு இது எப்படித் தெரிந்தது? படம் விளக்குவதில்லை. எனக்குத் தோன்றும் விளக்கம் இது: அவன் மனதில் எது ரணமாக இருக்கிறதோ அது மட்டும் அதற்குக் கிடைக்கிறது. பெயர் ரணமில்லை. ஆகவே கிடைக்கவில்லை. வெறும் குழாய்த் தண்ணீரைத் தெளித்துப் புனித நீர் என்று சொன்னதும் அது துள்ளித் துடிக்கிறதே, அங்கும் கேரஸ் கையிலிருப்பதை அவன் சொன்னபடியே அது நம்புகிறது. இந்தச் சோதனையை க்ரிஸிடம் சொல்லி, இது பேயே அல்ல என்பதற்கு ஆதாரமாகிறது என்கிறான். தனக்குத்தானே தேடிக்கொள்ளும் ஆதாரம்.

நம் பக்கத்துக் கோடாங்கி பேயிடம் கேட்கும் முதல் கேள்வியும் நீ யார், எந்த ஊர், உனக்கு என்ன குறை என்பதுதான். நம் பேய்கள் ஆசை தீராமல் போன மனிதர்கள். உடுக்கை அடித்து, ஆடவைத்து, பேசவைத்து, கேட்டதைக் கொடுத்து அனுப்புவது அவன் முறை. வீட்டில் வாய் திறக்காத மருமகள் அன்றைக்கு எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டுவாள். கிழப் பாதிரி மெரின் கொண்டுவரும் முறை இதற்கு எதிரானது. பேயோடு பேசாதே என்கிறார். அது பொய் சொல்லும், பொய்யோடு உண்மையைக் கலந்தும் சொல்லும், காது கொடுக்காதே. கேரஸ் இதுவரை கண்ட மூன்று ஆளுமைகளைப்பற்றி விவரிக்கத் தொடங்க, ஒன்றுதான் இருக்கிறது என்று வெட்டிவிடுகிறார். மதச் சட்டப்படி மெரின் சொல்வது சரி. கேரஸுக்கோ தாயின் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வார்டில் அவள் கேட்டபோது அவன் கொடுத்த பதில், உன்னை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்பது, பதிலாக ஏற்கப்படவில்லை. இன்னொரு தரம் சொல்ல அவளும் இல்லை. இங்கே அதே கேள்வி வருகிறது, பதில் சொல்லத் தடை.

சடங்கின் நடுவில் கட்டிலில் தாய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். டிம்மி என்கிறது குரல், அதே குடியேறியவளின் உடைந்த ஆங்கிலம். நீ என் தாய் இல்லை என்று கத்துகிறான். மெரின் அவனை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிடுகிறார். மெரினுக்கு இதய நோய். நடுங்கும் கையால் மாத்திரைச் சிமிழைத் திறப்பதை முன்பே இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறோம். மாக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது வயது நாற்பத்து நான்குதான். அந்த நடுக்கம் அவருடைய தேர்ச்சி. கேரஸ் கீழே வந்து உட்காருகிறான். க்ரிஸ் வருகிறாள், முடிந்துவிட்டதா என்று கேட்கிறாள், என் பெண் செத்துவிடுவாளா என்று கேட்கிறாள். கேரஸ் இல்லை என்கிறான். அந்த ஒற்றைச் சொல்லோடு எழுந்து மாடிக்குப் போகிறான். மேலே மெரின் இறந்து கிடக்கிறார்.

படத்தின் முடிச்சு இங்கேதான் இருப்பதாக நான் நினைக்கிறேன். மெரின் சாவதையும் படம் காட்டுவதில்லை, தாய் செத்ததைக் காட்டாதது போலவே. இரண்டு தரமும் கேரஸ் அங்கே இல்லை. தாய் இறந்த பிறகு டயர் விஸ்கியோடு வந்து உட்கார்ந்தபோது அவன் புலம்பியது, நான் அங்கே இருந்திருக்க வேண்டும் என்றுதான். இப்போது இன்னொரு வயோதிகர், பக்கத்து அறை தூரத்தில், துணையில்லாமல். அதுவும் தாயின் குரல் வந்து அவனை வெளியேற்றிய அந்த இடைவெளியில். அவன் மெரினின் நெஞ்சில் குத்திக் குத்தி உயிரூட்டப் பார்க்கிறான். கட்டிலில் சிரிப்பு. அதற்குப் பின் அவன் செய்வதில் ஜபமும் இல்லை, மருத்துவமும் இல்லை. ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரனாக இருந்தவன்; அந்த முஷ்டிதான் மிஞ்சியிருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமியைத் தரையில் தள்ளி முகத்தில் குத்துகிறான், என்னை எடுத்துக்கொள் என்கிறான். பார்க்கக் கூசுகிற காட்சி, கூசத்தான் வேண்டும். இதைத் தியாகம் என்று சொல்லி ஞானஸ்நானத் தண்ணீர் தெளிப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. தன்னையே அடித்துக்கொள்ளத் தெரியாத ஒருவன் கையில் கிடைத்ததை அடிக்கிறான் என்பதும் அதில் இருக்கிறது. பேய் தனக்குள் இறங்கியதும், தன் கைகள் சிறுமியின் கழுத்துக்கு நீள்வதை உணர்ந்து ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்கிறான். அந்தக் கடைசி மறுப்பில்தான் பாதிரி திரும்பி வருகிறான்.

குறைகள் இல்லாமல் இல்லை. வட ஈராக்கில் எடுத்த ஆரம்பப் பகுதி கண்ணுக்கு அற்புதம். ஆனால் தீமை என்பது கிழக்கு நாட்டு மண்ணில் புதைந்திருந்து தோண்டியதும் வாஷிங்டனுக்கு வந்து சேரும் சரக்கு என்பது சோம்பேறித்தனமான கற்பனை. சிலுவையை வைத்து எடுத்த காட்சி அதிர்ச்சிக்காக எடுத்தது. அதிர்ச்சி தீர்ந்ததும் அங்கே எதுவும் மிஞ்சவில்லை. பாலின் கேல் போன்ற கூர்மையான விமர்சகர் படத்தை உதறித் தள்ளியதற்கு இவையெல்லாம் இடம் கொடுத்தன. 2000இல் சில காட்சிகளைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். அதில் மாடிப்படியில் இரண்டு பாதிரிகளும் உட்கார்ந்து இந்தச் சிறுமிக்கு ஏன் இப்படி என்று பேசுகிறார்கள். நாம் நம்பிக்கை இழக்க வேண்டும், நம்மையே மிருகமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று மெரின் விளக்கம் சொல்கிறார். பிளாட்டி விரும்பிய காட்சி. நல்ல வசனம்தான், ஆனால் 1973 பிரதியில் இருவரும் பேச்சில்லாமல் களைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவனுக்கு இந்த வசனம் வேண்டியதில்லை.

ஜன்னலிலிருந்து விழுந்த கேரஸ் செங்குத்தான படிக்கட்டில் உருண்டு அடியில் கிடக்கிறான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டயர் வருகிறார். தாய் செத்த ராத்திரியில் குடித்துக் கிடந்தவனின் ஷூவைக் கழற்றிப் படுக்க வைத்தவர் இவர்தான். பாவசங்கீர்த்தனம் செய்கிறாயா என்று காதருகே கேட்கிறார். பேச்சு வரவில்லை, விரல்கள் அவர் கையை அழுத்துகின்றன. டயராக நடித்த வில்லியம் ஓ’மாலி நிஜமான சேசு சபைப் பாதிரி. இந்தக் காட்சி சரியாக வராததால் ஃப்ரீட்கின் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டுக் காமிராவை ஓடவிட்டார் என்பது ஊரறிந்த கதை. அந்த முறையை நான் மெச்சவில்லை. மன்னிப்பு வழங்கும்போது டயரின் கை நடுங்குவது அந்த அறையினால் வந்ததாகவே இருக்கட்டும். கேரஸ் சாகும்போது அந்தக் கை அவன் கையைப் பிடித்திருக்கிறது.